பதினாலு சுத்து

அவ பேசுறது எனக்குக் கேக்குது. நான் பேசுறது அவளுக்குக் கேக்கல. இதுல இருக்கிற எரிச்சல் பட்டவங்களுக்குத்தான் தெரியும். மூணு ஞாயித்துக்கிழமை இப்படியே போச்சு. காலையில பத்து மணி ஆனா வால்பாறை எஸ்டேட்டுலேர்ந்து என் சிநேகிதி ரேடியோவுல என்னைக் கூப்பிடுவா. இங்க லைட்ஹவுஸ் குப்பத்துல, எங்க வீட்டுப் பின்பக்கத்து ரூம்ல உக்காந்துக்கினு, மைக் பட்டனை அமுக்கி நான் தொண்டை கிழியக் கத்துவேன். பட்டனை விட்டதும் அவ குரல் வரும்: “உன் பக்கம் ஒண்ணுமே கேக்கலை. சரி, நீ கேட்டுக்கிட்டு இருக்கேன்னு வச்சுக்கிட்டுப் பேசறேன்.” அப்புறம் மழை, அட்டைப்பூச்சி, அவ வச்ச கறிவேப்பிலைத் தொக்குன்னு பேசிக்கினே போவா. நானும் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுவேன். எல்லாம் சொவத்துக்குச் சொன்ன பதில்தான்.

அமெச்சூர் ரேடியோன்னா, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவுல ஊர் ஊராப் பேசுறது. அந்தப் பரீட்சைக்கு மெட்ராஸ் போனப்பதான் அவளைப் பாத்தேன். ஹால் முழுக்க ஆம்பளைங்க. பொம்பளைங்கன்னு நாங்க ரெண்டே பேரு. ஒரே பெஞ்சு. எங்களைப் பாத்து ஒருத்தர், “யாருக்குத் துணையா வந்தீங்க?”ன்னு கேட்டாரு. “நீங்க யாருக்கு வந்தீங்க?”ன்னு நான் திருப்பிக் கேட்டேன். அவ வாயைப் பொத்திக்கினு சிரிச்ச சிரிப்புல எங்க சிநேகம் ஆரம்பிச்சுது. அன்னைக்கு சாயங்காலம் சென்ட்ரல்ல பிரியறதுக்கு முன்னாடி ஒரு சபதம் போட்டோம். எங்க லைசென்ஸ்ல மொத பேச்சு நாங்க ரெண்டு பேரும்தான் பேசணும். அதுவும் கடையில வாங்கின செட்டுல இல்ல, அவங்கவங்க கையால கட்டின செட்டுல.

ரெண்டு பேரும் ஒரே கிட் வாங்கினோம். ஒரு கவர்ல போர்டு, இன்னொரு கவர்ல சாமான், கூட நாலு பக்கம் குறிப்பு. அவ எனக்கு முன்னாடி கட்டி முடிச்சிட்டா, மொத தடவையே வேலை செஞ்சுது. என்னுது பாதி செஞ்சுது. கேக்குறதுன்னா கொழும்பு கேக்கும், டெல்லி கேக்கும், யாரோ ரெண்டு பேரு மலையாளத்துல சண்டை போடுறதுகூடக் கேக்கும். அனுப்புறதுலதான் சனி. அஞ்சு வாட் வரணும். ஒரு வாட்கூட வரல.

எப்படித் தெரியும்னா, ஏரியல் மாட்டுற எடத்துல ஏரியலுக்குப் பதிலா ஒரு சின்ன பல்பை மாட்டிட்டு மைக்குல “ஆஆஆ”ன்னு கத்திப் பாப்போம். பவர் சரியா இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியணும். ‘என் பல்பு வெள்ளையா எரியுது, கண்ணு கூசுது’ன்னு அவ லெட்டர் போட்டிருந்தா. என் பல்பு ஊதுவத்தி முனை மாதிரி சிவப்பா முழிச்சிக்கினு கெடந்துச்சு.

எனக்கு மானமே போச்சு. ஏன்னா நான் ஒண்ணும் தெரியாதவ இல்ல. மீஞ்சூர் பக்கத்துல ஒரு கம்பெனியில போர்டுக்கு சால்டர் வைக்கிறது, அதாவது ஈயத்தை உருக்கி சாமானை ஒட்டுறதுதான் என் வேலை. விடியறதுக்குள்ள படகுல ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டுல பஸ் புடிச்சு, பொன்னேரியில ரயில் ஏறி, ஷிப்டுக்குப் போறவ நான். லைன்ல யாராவது சொதப்பினா சூப்பர்வைசரு என்கிட்டதான் எடுத்துக்கினு வருவாரு. என் கையால வச்ச ஈயத்துல குத்தம் சொல்ல எவனுக்கும் தைரியம் கெடையாது. அப்படிப்பட்டவ கட்டின செட்டு ஊமையாக் கெடந்தா எப்படி இருக்கும்?

போர்டுல எல்லாத்தையும் நான்தான் வச்சேன், மூணே மூணு சாமானைத் தவிர. அது காயிலு. சுண்டு விரல் மோதிரம் அளவுல சிவப்பு வளையம், அதுக்குள்ள மெல்லிசான செப்புக் கம்பியை விட்டு விட்டு எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் பதினாலு சுத்து சுத்தணும். அன்னைக்கு எனக்கு இறா உரிக்கையில ஆள்காட்டி விரல் கிழிஞ்சு கட்டுப் போட்டிருந்துச்சு. அதனால அண்ணிகிட்டக் குடுத்தேன். எங்க வூட்டுக்காரரோட அக்கா. எங்க வாசல்லயே கருவாடு காயப்போட்டு விக்கிறவங்க. விரலு அப்படி ஒரு விரலு. நைலான் நூலுல விழுந்த முடிச்சைக் கண்ணை மூடிக்கினே அவுப்பாங்க. “இன்னாமே இது, பொம்மைக்கு வளையலா?”ன்னு கேட்டுக்கினே அரை மணி நேரத்துல மூணையும் சுத்திக் குடுத்துட்டாங்க. சுத்து சுத்தா ஒண்ணை ஒண்ணு ஒட்டி, அழகுன்னா அழகு. அப்படியே போர்டுல வச்சு ஈயத்தைப் போட்டேன்.

நாலாவது வாரம் செவ்வாக்கிழமை அவ லெட்டர் வந்துச்சு. போஸ்ட் ஆபீஸ்ல வாங்கிக்கினு, படகு வர நேரம் ஆகும்னு டச்சுக்காரங்க கல்லறைச் சொவரு ஓரமா நிழலுல உக்காந்து பிரிச்சேன். அவ வூட்டுக்காரருக்கு வளைகுடாவுல வேலை கெடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள எஸ்டேட் வீட்டைக் காலி பண்ணிட்டு ஜீப்புல எறங்குறாங்க, திங்கக்கிழமை கொச்சியில பிளேன். அவ போற எடத்துல வெளியாளுக்கு லைசென்ஸ் குடுக்க மாட்டாங்களாம். ரேடியோவை யாருக்கோ குடுத்துட்டுப் போறா. ‘ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மட்டும் செட்டைக் கட்டாம வச்சிருப்பேன். அதுதான் கடைசி. உன் குரலைக் கேட்டுட்டுப் போயிடணும்டி’ன்னு எழுதியிருந்தா.

என் முதுகுக்குப் பின்னாடி எலும்புக்கூடு செதுக்கின கல்லுக்குக் கீழ படுத்திருக்கானே டச்சுக்காரன், அவனெல்லாம் ஊருக்கு ஒரு கடுதாசி போட்டா பதிலுக்கு வருஷக்கணக்குல கப்பலைப் பாத்துக்கினு இருந்திருப்பான். எனக்கு அஞ்சு நாளுதான் இருந்துச்சு. பொறுமை அஞ்சு நிமிஷத்துக்குக்கூட இல்ல.

வூட்டுக்கு வந்ததும் வராததுமா செட்டைப் பிரிச்சேன். மொதல்ல சந்தேகப்பட்டது உப்பை. எங்க குப்பத்துல எது கெட்டாலும் உப்புக் காத்துன்னுதான் சொல்லுவாங்க; டிவி கெட்டாலும் அதுதான், கல்யாணம் தட்டிப் போனாலும் அதுதான். ஒவ்வொரு பின்னையும், ஒவ்வொரு சொருகலையும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சு, தொடைச்சு, காயவச்சு மாட்டினேன். பல்பு அதே சிவப்பு.

புதன்கிழமை பேட்டரி. போட்டுலேர்ந்து கழட்டின பேட்டரிதான் என் செட்டுக்குக் கரண்டு. பேசும்போது வோல்ட்டு எறங்குதோன்னு மீட்டரை வச்சுப் பாத்தேன். எறங்கல. எதுக்கும் இருக்கட்டும்னு எங்க வூட்டுக்காரரு போட்டுல இருந்த புது பேட்டரியையும் கழட்டிக் குடுத்துட்டு, அடுத்த நாளு லைட்டே இல்லாம கடலுக்குப் போனாரு. “உன் ரேடியோவுக்கு ஒரு கும்பிடு”ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. பல்பு அதே சிவப்பு.

வியாழக்கிழமை டிரான்சிஸ்டரு. கடைசியில பவரை ஏத்தி விடுறது அதுதான். தொட்டுப் பாத்தா தோசைக்கல்லு மாதிரி சுடுது! பேட்டரி குடுக்குற கரண்டெல்லாம் சூடாப் போவுது, வெளிச்சமா வரல. சரி, நீதான் குத்தவாளின்னு புதுசு மாட்டினேன். அதுவும் சுட்டுச்சு. எனக்கு வந்த கோவத்துல ஸ்க்ரூடிரைவரை விசிறி அடிச்சேன். அது போயி அண்ணியோட கருவாட்டுத் தட்டுல விழுந்துச்சு.

“இன்னாமே, மீனுகிட்ட இன்னா கோவம்?”னு அவங்க அங்கேர்ந்து கேட்டாங்க.

“மூணு நாளா நோண்டுறேன், வாயே தொறக்க மாட்டேங்குதுண்ணி!”

“உனக்கும் சேத்து அது அமைதியா கீதோ இன்னாவோ.”

அவங்க கிண்டலுக்கு நான் சிரிக்கல. வெள்ளி, சனி ரெண்டு நாளும் சாயங்காலம் ஒவ்வொரு சால்டரையும் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். ரெசிஸ்டரோட நெறக்கோட்டை எல்லாம் குறிப்போட ஒப்பிட்டேன். ஒண்ணு விடல. அந்த மூணு காயிலை மட்டும் எண்ணிப் பாக்கல. ஏன்னு கேளுங்க. எங்க ஊருல அண்ணி எண்ணினதை யாரும் மறுபடி எண்ண மாட்டாங்க. பொன்னேரிலேர்ந்து வர்ற வியாபாரிங்க அவங்க எண்ணிப் போட்டதை அப்படியே மூட்டை கட்டிக்கினு போவாங்க. ஒருத்தர் எண்ணிக் குடுத்ததை அவங்க முன்னாடியே திருப்பி எண்ணுனா மூஞ்சியில துப்பின மாதிரி. இந்தப் பழக்கம் என் ரத்தத்துல ஊறியிருக்கு. போர்டைப் பாக்கும்போதெல்லாம், ‘காயிலா, அது அண்ணி எண்ணுனது, சரியாத்தான் இருக்கும்’னு கண்ணு தாண்டிப் போயிடும்.

ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி. எதுவும் பிடிபடல. பல்பைப் பாத்துக்கினு வெறுமனே உக்காந்திருக்கேன். வாசல்ல அண்ணி ஒரு வியாபாரி அம்மாவுக்கு வாளைக் கருவாடு எண்ணிப் போட்டுக்கினு இருந்தாங்க. “லாபம், ரெண்டு, மூணு, நாலு…” ஒண்ணுக்குப் பதிலா லாபம்னு சொல்லுறது வழக்கம். இருவது வரைக்கும் சத்தமா எண்ணுனாங்க. எண்ணுறது நின்னுச்சு. கை நிக்கல. ஒரு வார்த்தை பேசாம, இன்னும் ரெண்டு கருவாட்டை எடுத்து அந்தம்மா கூடையில போட்டுட்டு, கையைத் தட்டிக்கினாங்க.

கொசுறு!

இவங்க பொறந்ததுலேர்ந்து வெறும் எண்ணிக்கையா எதையாவது யாருக்காவது குடுத்திருக்காங்களா? கெடையாது! எண்ணுறது வாயி, கொசுறு போடுறது கை. வாயி நின்னப்புறமும் கை நிக்காது. நான் செட்டைத் திருப்பி வெளிச்சத்துல புடிச்சேன். ஊசி முனையால ஒவ்வொரு சுத்தாத் தொட்டுத் தொட்டு எண்ணுனேன். பதினாறு. அடுத்தது? பதினாறு. அதுக்கடுத்தது? அதுவும் பதினாறு!

குதிச்சேன். நெசமா குதிச்சேன், மேசை ஆடிப் பல்பு கீழ விழுந்துச்சு, நல்லவேளை உடையல. அந்த மூணு காயிலும் ஏரியலுக்குப் போற வழியில ஒரு சல்லடை. வேண்டியதை விட்டு வேண்டாததைத் தடுக்கும். சுத்து கூடிப் போனா அந்தச் சல்லடை என் குரலையே தடுத்து நிறுத்திடும். தடுத்ததெல்லாம் சூடாகி டிரான்சிஸ்டரைச் சுட்டிருக்கு. எல்லாம் புரிஞ்சுபோச்சு! கூடவே கோவமும் பொத்துக்கினு வந்துச்சு.

“அண்ணி! பதினாலுன்னு சொன்னேனா இல்லியா?”

“பதினாலுதாம்மே சுத்துனேன்.”

“பதினாறு கீது!”

“ஆமாம். பதினாலு எண்ணிட்டு ரெண்டு கூடப் போட்டேன்.” மூஞ்சியில ஒரு துளி குத்த உணர்ச்சி இல்ல. “பதினாலுன்னா பதினாலே எப்படிமே குடுக்குறது? கஞ்சத்தனமா இருக்காது? வூட்டு சாமானாச்சேன்னு நல்லாப் போட்டேன்.”

“உங்க நல்லதைக் கொண்டுபோயி கடல்ல கொட்டுங்க! ஒரு மாசமா ஊமையா உக்காந்திருக்கேன், இன்னைக்கு அவ போறா, இனிமே பேசவே முடியாது, எல்லாம் உங்க ரெண்டு சுத்தாலதான்!”

வியாபாரி அம்மா கூடையைத் தூக்கிக்கினு நழுவிட்டாங்க. அண்ணி மூஞ்சி வாடிப்போச்சு. ரொம்பப் பேசிட்டேன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுது. மன்னிப்புக் கேக்க நேரம் இல்ல, கேக்குற பழக்கமும் எனக்குக் கம்மி.

சால்டர் கோலைச் சொருகினேன். மூணு காயிலையும் கழட்டி, ரெண்டு ரெண்டு சுத்தை எடுத்து, கம்பி முனையில இருக்கிற பூச்சை பிளேடால சொரண்டி, திருப்பி வைக்கணும். ஒரு மணி நேர வேலை. மூணும் கையோட வந்துடுச்சு. சுத்தை எடுத்து சொரண்டிக்கினு இருக்கேன், மேல ஃபேன் மெதுவாச் சுத்த ஆரம்பிச்சு நின்னுபோச்சு.

கரண்டு கட்!

மணி ஒம்பதே முக்கால். செட்டுக்கு பேட்டரி கீது, சால்டர் கோலுக்கு கரண்டுக்கு நான் எங்க போவேன்? கோலு ஆறிக்கினே வருது. ஈயம் ஒட்ட மாட்டேங்குது. என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அழுறேனேன்னு என் மேலயே கோவம் வந்து, “பாழாப்போன கரண்டு, பாழாப்போன கரண்டு”ன்னு மேசையைக் குத்துனேன்.

“எது சுடணும் உனக்கு?” அண்ணி வாசப்படியில நின்னுக்கினு கேட்டாங்க.

“செம்பு… ஒரு செப்புத் துண்டு நல்லா காஞ்சாப் போதும்.”

அவ்வளவுதான். எங்கேர்ந்தோ தடிமனா ஒரு செப்புக் கம்பித் துண்டைக் கொண்டாந்தாங்க. அதைக் குறட்டுல புடிச்சு அடுப்புல வச்சாங்க. காஞ்சதும் ஓடியாந்து நீட்டுவாங்க, நான் வாங்கி ஒரு முனையைத் தொட்டு ஈயத்தை உருக்குவேன். அதுக்குள்ள ஆறிப்போவும். திருப்பிக் குடுப்பேன், திருப்பி ஓடுவாங்க. ஆறு முனைக்கு எத்தனை தடவை ஓடினாங்கன்னு அவங்களே எண்ணல. “சீக்கிரம்ணி!” “வர்றேன்மே, நெருப்புக்குக் காலா கீது!” வேர்வை மூக்குல வழிஞ்சு போர்டுல சொட்டுச்சு. என் வாழ்க்கையிலயே அவ்வளவு அசிங்கமான சால்டரை நான் வச்சதில்ல. எங்க சூப்பர்வைசரு பாத்திருந்தா குப்பையில போட்டிருப்பாரு.

மணி பத்து தாண்டிடுச்சு. பல்பை மாட்டினேன், பட்டனை அமுக்கி “ஆஆஆ”ன்னேன். பல்பு பளீர்னு வெள்ளையா எரிஞ்சுது!

“ஐயே! கண்ணு கூசுதுமே!” அண்ணி ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கினு சிரிச்சாங்க.

பல்பைப் பிடுங்கி ஏரியலை மாட்டினேன். அவசரத்துல சொருகல் உள்ள போவ மாட்டேங்குது, திருப்பி அழுத்துனேன். போச்சு. அவ குரல் பாதி வாக்கியத்துல வந்து நின்னுச்சு: “…சரிடி. பத்து நிமிஷமாக் கூப்பிட்டாச்சு. ஜீப் வந்துடுச்சு. கடைசியா ஒரே ஒரு தடவை கூப்பிடறேன்.”

லைசென்ஸ்ல எனக்குன்னு குடுத்த எழுத்து, என் அழைப்புக் குறியைச் சொன்னா. ஒவ்வொரு எழுத்தா, நிதானமா. பட்டனை விட்டா.

நான் பட்டனை அமுக்கினேன். ஒரு மாசமா என்னென்னவோ யோசிச்சு வச்சிருந்தேன். “இருக்கேன்டி, இருக்கேன், இங்கதான் இருக்கேன்!”ன்னு மட்டும் கத்துனேன். பட்டனை விட்டேன்.

இரைச்சல். வெறும் இரைச்சல். அப்புறம்:

“கேக்குதுடி!” ஒரு அலறல். “கேக்குது! கேக்குது! திருப்பிச் சொல்லு!”

சொன்னேன். திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவ அங்க அழுறா, நான் இங்க அழுறேன், பட்டனை மாத்தி மாத்தி அமுக்கிக்கினு. ரேடியோவுல அழுறதுல ஒரு கஷ்டம், ஒருத்தர் அழுது முடிச்சாத்தான் இன்னொருத்தர் அழ முடியும். அண்ணிக்கு அதுக்கு மேல தாங்கல. நான் பேசிக்கினு இருக்கும்போதே என் தோளுக்கு மேல குனிஞ்சு, “இன்னா பொண்ணே, நல்லாக்கிறியா!”ன்னு மைக்குக்குள்ளயே கத்திட்டாங்க. லைசென்ஸ் இல்லாதவங்க அதுல பேசக் கூடாது. எனக்கு உயிரே போச்சு.

“யாருடி அது?”

“எங்க அண்ணி,”ன்னேன். “இந்த செட்டுல காயிலு சுத்துனது அவங்கதான். அடுப்புல செம்பு காய்ச்சிக் குடுத்ததும் அவங்கதான். அவங்க இல்லன்னா இன்னைக்கு நான் இல்ல.”

அண்ணி என்னைப் பாத்தாங்க. முந்தானையால மூக்கைத் தொடைச்சிக்கினு, “கத்தாம பேசு, அதான் கேக்குதே”ன்னாங்க.

பெரிய விஷயம் ஒண்ணும் பேசல. இன்னா சாப்ட்டேன்னு கேட்டேன். அடுப்பைக் கழுவிக் கட்டிட்டதால காலையிலேர்ந்து பன்னுதான்னு சொன்னா. லெட்டர்ல நான் எழுதியிருந்த விரல் காயம் ஆறிடுச்சான்னு அவ கேட்டா. பின்னாடி ஒரு ஆம்பளைக் குரல் “நேரமாச்சு”ன்னு கூப்பிட்டுச்சு. ஜீப்போட ஹாரன் அடிச்சுது. நாலாயிரம் மேடு பள்ளத்தைத் தாண்டி அந்த ஹாரன் எங்க ரூம்ல கேட்டுச்சு.

ரேடியோக்காரங்க பேச்சை முடிக்கும்போது ‘எழுபத்து மூணு’ன்னு சொல்லணும். வாழ்த்துன்னு அர்த்தம். அதைச் சொன்னா முடிஞ்சுதுன்னும் அர்த்தம்.

“நீ சொல்லு,”ன்னா அவ.

“நீ சொல்லு,”ன்னேன் நான்.

“என்னால முடியாதுடி. நீயே சொல்லு.”

நான் பட்டனை அமுக்கினேன். அமுக்கிக்கினே இருந்தேன். அப்புறம் எதுவும் சொல்லாம விட்டேன். அந்தப் பக்கமும் ஒரு தடவை அவ பட்டனை அமுக்கினது தெரிஞ்சுது. இரைச்சல் சட்டுன்னு அடங்கி, அவ மூச்சு விடுறது மட்டும் கேட்டுச்சு. அவளும் எதுவும் சொல்லாம விட்டுட்டா. அப்புறம் வரவே இல்ல.

யார்கிட்டப் பேசினாலும் அதைக் குறிச்சு வைக்கணும்னு சட்டம். என் நோட்டுல மொத பக்கம், மொத வரி அவதான். ஆரம்பிச்ச நேரத்தை எழுதியிருக்கேன். முடிஞ்ச நேரம் போடுற எடத்துல இன்னும் ஒண்ணும் எழுதல.